பிரியாத சிரை

கல்லீரல் மாற்று அறுவைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாராவது கொடைக்கானலுக்கு வந்தால் என் வீட்டுக்கும் ஒரு நடை வந்து போகிறீர்கள். தேநீர் முடிவதற்குள் கேட்டுவிடுகிறீர்கள்: "மேடம், நீங்க செஞ்சதுலயே கஷ்டமான கேஸ் எது?"

ரத்தம் பீறிட்ட கதை ஒன்றை எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஈரத்தாள்போலக் கிழிந்த சிரையை எப்படிப் பிடித்துத் தைத்தேன், இரண்டு வாய்களை எப்படி ஒன்றாக்கிப் பொருத்தினேன் என்பது மாதிரி. அவையும் என்னிடம் உண்டு. ஆனால் இப்போது என் நினைவில் நிற்பவை நான் செய்யாமல் நிறுத்திய இரண்டு அறுவைகள். இரண்டும் ஒரே குடும்பத்துக்கு. அதைத்தான் எழுதுகிறேன். தைரியம் தருகிற முடிவு எதுவும் இதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் பணியில் இருந்த காலத்தில் மாதம் ஒரு முறை கொடைக்கானலுக்கு வந்து, ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் மலையிறங்கி ஏற முடியாதவர்களுக்காக அந்த ஏற்பாடு. செல்வராஜும் அவருடைய அக்கா பவளமும் அங்கேதான் வந்தார்கள்.

செல்வராஜ் வில்பட்டியில் குடியிருந்தார். கேரட், பீன்ஸ், பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் வேனுக்கு ஓட்டுநர். முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்க மாட்டார். கண்கள் மஞ்சளாக, வயிற்றில் நீர் கோத்து, கால்கள் வீங்கி வந்து உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பவளம் பேசினார்.

"இவன் குடிக்க மாட்டான் டாக்டரம்மா. டிரைவர்னு சொன்னதும் குடிகாரன்னு முடிவு பண்ணிர்றாங்க. அத மொதல்ல தெரிஞ்சுக்கிட்டுப் பெறகு பாருங்க."

அவர் சொன்னது உண்மை. பிறப்பிலோ சிறுவயதிலோ தொற்றிய ஹெபடைட்டிஸ் பி வைரஸ் சத்தமில்லாமல் இருந்து கல்லீரலைச் சுருக்கிவிட்டிருந்தது. மருந்து கொடுக்கும் கட்டம் கடந்துபோயிருந்தது. மாற்றுவது ஒன்றுதான் வழி என்று சொன்னேன். செல்வராஜ் தரையைப் பார்த்தார். பவளம் என்னைப் பார்த்தார்.

"எங்கிட்டருந்து எடுக்க ஏலுமா?"

அந்த 'ஏலுமா'வைக் கேட்டதும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்று புரிந்தது. பவளம் அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது கப்பலேறி வந்திருக்கிறார்கள். வந்த சில மாதங்களில் அம்மா இறந்துபோனார். அப்பா கூலி வேலைக்குப் போன இடங்களிலெல்லாம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தவர் பவளம்தான். தனக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. டவுனில் ஒரு தங்கும் பள்ளியின் சமையற்கட்டில் வேலை. செல்வராஜுக்கு மனைவியும் பள்ளிக்குப் போகும் மகளும் இருந்தார்கள். மனைவியின் ரத்த வகை சேரவில்லை. பவளத்துக்குச் சேர்ந்தது.

ரத்தப் பரிசோதனைகள், இதயம், நுரையீரல் எல்லாவற்றிலும் பவளம் நன்றாகத் தேறினார். சிக்கல் கல்லீரலின் சிரைகளைக் காட்டும் ஸ்கேனில் வந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், அவருக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே சொல்கிறேன். என் முன்கையைக் காட்டி, "இது கொடல்லருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய சிரை" என்றேன். இரண்டு விரல்களை விரித்துக் காட்டி, "வாசலுக்கு வந்ததும் இப்பிடி ரெண்டாப் பிரியும். ஒண்ணு வலது பக்கத்துக்கு, ஒண்ணு இடது பக்கத்துக்கு. வலது பக்கத்த அதோட கிளையோட வெட்டித் தம்பிக்கு வெப்போம். இடது பக்கம் ஒங்ககிட்ட இருக்கும், வளந்துக்கும்" என்றேன். பிறகு விரல்களை மடக்கினேன். "ஒங்க ஸ்கேன்ல அது எங்க பிரியுதுன்னு தெளிவாத் தெரியலம்மா."

மறுபடியும் ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேன் மருத்துவரும் நாங்களும் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தோம். கல்லீரலுக்குச் சற்று உள்ளே போய்ப் பிரிகிறது, வெட்டுவதற்கு இடம் இருக்கும் என்று குழுவில் பெரும்பாலோர் நினைத்தோம். பிரியவே இல்லாமலும் இருக்கலாம். சிலரிடம் அந்தச் சிரை ஒற்றையாகவே வலது பக்கத்துக்குள் நுழைந்து, உள்ளேயே வளைந்து திரும்பி இடது பக்கத்துக்குப் போகும். மிகவும் அரிது. அப்படி இருந்தால் வலது பக்கத்தை எடுப்பது என்பது இடது பக்கத்தின் உணவையும் சேர்த்து வெட்டுவதுதான்.

பவளத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன் தியேட்டரில் திறந்து பார்த்து உறுதி செய்வோம், சரியில்லை என்றால் எடுக்காமல் மூடிவிடுவோம் என்றேன்.

"மூடுறதெல்லாம் வேண்டாங்க," என்றார். "தெறந்தா எடுத்துருங்க."

"ஒங்க உசுருக்கு ஆபத்துன்னா எடுக்க மாட்டேன்."

"என் உசுரு எனக்குத் தெரியாதா? எனக்கென்ன புள்ளையா குட்டியா? அவனுக்குப் பொண்ணு இருக்கு."

"அதுக்கு நீங்க சம்மதிச்சாலும் நான் சம்மதிக்க ஏலாதும்மா." அவருடைய சொல்லையே எடுத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மதுரையில், அறுவை நாளன்று காலையில் பவளத்தை முதலில் உள்ளே கொண்டுபோனோம். கொடுப்பவரிடம் எல்லாம் உறுதியாகும் வரை பெறுபவரைத் தொடக் கூடாது என்பது எங்கள் பிரிவில் கட்டாயம். சில இடங்களில் நேரத்தை மிச்சப்படுத்த இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் திறந்துவிடுவார்கள். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். பக்கத்து அறையில் ஒருவர் வயிறு திறந்து கிடக்கும்போது இந்த அறையில் உங்கள் மூளை நேராக வேலை செய்யாது.

என்னுடன் கதிர் இருந்தார். எனக்கு அடுத்த நிலையில் இருந்த அறுவை மருத்துவர். என்னைவிட நல்ல கை. பித்தப்பையை எடுத்துவிட்டுச் சிரையைத் தேடிப் போனோம். வாசலில் பிரியவில்லை. கொஞ்சம் உள்ளே போனோம். அங்கேயும் பிரியவில்லை. சந்தேகத்தைத் தீர்க்க, வலது பக்கத்துச் சிரையாக நாங்கள் நினைத்ததன்மேல் மெதுவாகக் கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்தினோம். இடது பக்கத்தின்மேல் டாப்ளர் கருவியை வைத்தோம். சிரையில் ரத்தம் ஓடினால் அதில் காற்று வீசுகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும். எதுவும் கேட்கவில்லை. கிளாம்பை எடுத்தோம், இரைச்சல் வந்தது. மறுபடியும் போட்டோம், நின்றது. அறையில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டோம். விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணின் கல்லீரலுக்கு இருந்தது ஒரே சிரை. பிரியாத சிரை.

"இடது பக்கத்த எடுத்துர்லாமா?" என்று யாரோ கேட்டார்கள். பவளம் சின்ன உடம்பு. அவருடைய இடது பக்கம் ஒரு வளர்ந்த ஆணுக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது.

கதிர் தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"மேடம், உள்ள போயி, வளைவுக்கு அந்தப் பக்கம் வெட்டலாம். இடது பக்கத்துக்கு வேறொரு துண்டுச் சிரைய வெச்சு வாசல்ல தெச்சுக்கலாம். செஞ்சிருக்காங்க."

"செஞ்சிருக்காங்க."

"என்னால தெக்க முடியும்."

"ஒன்னால முடியும் கதிர். தெச்சது அடைச்சுக்கிட்டா?"

கதிர் கிளாம்பை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"அடைச்சா இவங்களுக்கு மிச்சமே கெடையாது. நல்லா நடந்து வந்தவங்க."

"பக்கத்து ரூம்ல செல்வராஜ் இருக்காரு மேடம். வேற டோனர் இல்ல. இந்தம்மாவே எடுத்துருங்கன்னு சொன்னாங்க."

கதிர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அதுதான் அந்த நிமிடத்தின் கொடுமை. தவறான யோசனையை மறுப்பது எளிது. சாத்தியமான ஒன்றை, திறமையான ஒருவர், நல்ல மனதோடு சொல்லும்போது மறுப்பதற்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் எப்போதும் அறியப் போவதில்லை.

செவிலியரிடம் என் ஆசிரியருக்குப் போன் போடச் சொன்னேன். எனக்கு இந்த அறுவையைக் கற்றுக்கொடுத்தவர். அப்போது ஓய்வு பெற்றிருந்தார். செவிலியர் போனை என் காதருகே பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன்.

"எங்கிட்ட அனுமதி கேக்கறியா, துணை கேக்கறியா?" என்றார்.

"துணைதான் சார்."

"அப்ப நீ மூடு. நான் லைன்லயே இருக்கேன்."

நான் தைத்து முடிக்கும்வரை அவர் போனில் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய வீட்டில் எங்கோ மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சில வருடங்களில் அவர் இறந்துபோனார். எனக்கு அப்படிப் போன் போட வேறு யாரும் இல்லாமல் ஆனது. உங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தால் அவருடன் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

தியேட்டர் உடையோடு செல்வராஜிடம் போனேன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முந்தைய அறையில், கையில் ஊசி ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். என்னை அவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்காததால் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"அக்காவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்காங்க. ஆனா எடுக்க முடியல செல்வராஜ். நாம பயந்த மாதிரியே அந்தச் சிரை பிரியல. எடுத்திருந்தா அவங்க பொழைக்க மாட்டாங்க. மூடிட்டேன்."

அவர் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்தார். அழுவார், கோபப்படுவார் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

"அப்ப நான் வீட்டுக்குப் போலாங்களா?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு போர்வை குடுக்கச் சொல்லுங்க மேடம், குளுருது" என்றார். நானே எடுத்துப் போர்த்தினேன். மலையிலேயே வாழ்ந்தவர். மதுரை வெயிலில் அவருக்குக் குளிர்ந்தது.

பவளம் மாலையில் விழித்தார். கண்ணைத் திறந்ததும் கை வயிற்றுக்குப் போனது. கட்டைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

"தம்பிக்கு வெச்சுட்டீங்களா?"

வலி மருந்தின் மயக்கம் தெளியட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வார்டு மருத்துவரும் அதையே சொன்னார். ஒத்திப்போட்டிருந்தால் அவர் ஓர் இரவு முழுக்க ஒரு பொய்யில் சந்தோஷமாகக் கிடந்திருப்பார். விடிந்ததும் அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்து நான் பிடுங்க வேண்டியிருக்கும். கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன்.

புரிய நேரமானது. புரிந்ததும் குரல் உயரவில்லை.

"ஒங்கள யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நாந்தான்."

"நான் குடுத்தேன்ல. மனசாரக் குடுத்தேன்ல. குடுத்தத வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குப் போகும்வரை என்னிடம் பேசவில்லை. நான் தினமும் போனேன். புண்ணைப் பார்த்தேன், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன், வந்தேன். நோயாளி நம்மை வெறுக்கும்போதும் நாம் போக வேண்டும். அதற்கு மேல் அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

செல்வராஜின் பெயரை மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் வரிசையில் சேர்த்தோம். அவர் வில்பட்டிக்குத் திரும்பினார். மாதந்தோறும் கொடைக்கானலில் பார்த்தேன். வயிற்று நீரை எடுப்பேன். மறுபடியும் கோத்துக்கொள்ளும். கூட வருவது மனைவிதான். பவளம் வெளியே மரத்தடியில் நிற்பார், உள்ளே வர மாட்டார். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். சமையற்கட்டு வேலையிலிருந்து அப்படியே வந்த ஈரச் சேலையுடன், தம்பி வெளியே வரும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் அழைப்பு வந்தது. ஒரு கல்லீரல் கிடைத்திருக்கிறது, செல்வராஜின் முறை. நானே அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி எடுத்தார். அழுதார், சிரித்தார். உடனே கிளம்புங்கள் என்றேன்.

அதன் பிறகு நடந்ததை ரஹீம் பாய் சொல்லித்தான் அறிந்தேன். அவர் கொடைக்கானல் பஜாரில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். செல்வராஜ் ஓட்டிய வேனும் அவருடையதுதான். தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வில்பட்டிக்குப் போய் செல்வராஜையும் மனைவியையும் ஏற்றினார். பவளம் வேலை செய்யும் பள்ளிக்கு முன்னால் அவரையும் ஏற்றிக்கொண்டார். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போலீஸ் நிறுத்திவிட்டது. கீழே வத்தலக்குண்டு சாலையில் மண் சரிந்து கிடந்தது. பழனி இறங்கும் சாலையிலும் மரம் விழுந்திருந்தது.

"என்ன செல்வம் செய்ய?" என்று கேட்டிருக்கிறார் ரஹீம் பாய்.

பின் இருக்கையில் அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த செல்வராஜ், "பண்ணக்காட்டுக்குத் திருப்புங்க பாய். தாண்டிக்குடி போயி பாச்சலூர் வழியா எறங்கிரலாம். அது என் ரோடு" என்றிருக்கிறார்.

அவர் சந்தைக்குப் போய்வந்த வழி அது. மழையில் எதிரே எதுவும் தெரியவில்லை. செல்வராஜ் கண்ணை மூடியபடியே சொல்லிக்கொண்டு வந்தாராம். "அடுத்து ஒரு கொண்டை ஊசி வளவு வரும், வலது பக்கம் ஒட்டிப் போங்க, இடது பக்கம் ரோடு அரிச்சிருக்கும்." "இங்கன வெரசாப் போகலாம், நேர் ரோடு." பாச்சலூருக்கு முன்னால் ஓரிடத்தில் ஓடை சாலைக்கு மேலே ஓடியது. பவளமும் செல்வராஜின் மனைவியும் இறங்கி முழங்கால் தண்ணீரில் முன்னால் நடந்து குழி இருக்கிறதா என்று காலால் பார்த்தார்கள், ஜீப் பின்னால் போனது.

"அவன் பேசிக்கிட்டே வந்தாம்மா," என்றார் ரஹீம் பாய். "ஒட்டன்சத்திரம் எறங்குனதும் பேச்சு நின்னுபோச்சு. நான் அசந்துட்டான்னு நெனச்சேன்."

மதுரைக்கு வந்து சேர்ந்தபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது. வயிற்று நீரில் தொற்று. காய்ச்சல் முந்தின நாளே லேசாக இருந்திருக்கிறது. சொன்னால் முறை தவறிவிடுமோ என்று வீட்டில் பயந்திருக்கிறார்கள். அவசரமாக ஸ்கேன் எடுத்தோம். அவருடைய பெரிய சிரை, அக்காவிடம் பிரியாமல் இருந்ததே அதே சிரை, இவரிடம் குடல்வரை கெட்டியாக ரத்தம் உறைந்து அடைத்துக்கிடந்தது. முந்தைய ஸ்கேனில் அது திறந்திருந்தது. புதிய கல்லீரலை வைத்தாலும் அதற்கு ரத்தம் கொண்டுவர வழி இல்லை. உறைந்ததைச் சுரண்டி எடுக்கலாம், வேறு சிரையிலிருந்து பாலம் போடலாம். இதையெல்லாம் நான் செய்திருக்கிறேன். தொற்று இல்லாத உடம்பில், ரத்த அழுத்தம் நிற்கிற உடம்பில்.

உறுப்பு வந்துகொண்டிருந்தது. வழக்கப்படி, மாற்றாக இன்னொரு நோயாளியையும் வரச் சொல்லியிருந்தோம். அவரும் தயாராக இருந்தார். யாருக்கு என்பதை நான் உடனே சொல்ல வேண்டும்.

நான் செல்வராஜுக்கே வைக்க விரும்பினேன். இதை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை. பாலம் எங்கே போடலாம், எந்தச் சிரையை எடுக்கலாம் என்று ஸ்கேன் திரையின் முன்னால் உட்கார்ந்து வழி தேடிக்கொண்டிருந்தேன். தேடினால் வழி கிடைத்துக்கொண்டே இருக்கும். கதிர் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், இந்தப் படம் வேற யாரோடதாவது இருந்தா என்ன சொல்வீங்க?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"டேபிள்லயே போயிருவாரு. அந்தக் கல்லீரலும் போயிரும். வெளிய இன்னொருத்தரு ஒக்காந்திருக்காரு."

"பவளத்துக்கிட்ட யாரு சொல்றது?" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். ஸ்கேனைப் பற்றியோ, தொற்றைப் பற்றியோ அல்ல. அப்போதுதான் நான் யாருக்காக வழி தேடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே புரிந்தது. நாம் கடன்பட்டிருப்பதாகத் தோன்றும் நோயாளிக்கு நாம் தனியாக முடிவெடுக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு கதிர் வேண்டும். ஒரு காலத்தில் நீங்கள் நிறுத்திய அதே ஆள் உங்களை நிறுத்துவதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

கல்லீரலை மற்றவருக்குக் கொடுத்தோம். கதிர் அந்த அறுவைக்குப் போனார். நான் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே போனேன். பவளம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேலைக் கரை இன்னும் சேறாக இருந்தது. அன்றைக்குப் பிறகு முதல் முறையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

சொன்னேன்.

"அன்னிக்கு என் நரம்பு," என்றார். "இன்னிக்கு அவன் நரம்பா?"

"ஆமாம்மா."

"அப்ப அன்னிக்கு எடுத்திருந்தா இன்னிக்கு இது அடைச்சிருக்காது."

"அடைச்சிருக்காது."

"நான் போயிருப்பேன். அவன் இருந்திருப்பான்."

அவன் இருந்திருப்பான் என்பதும் நிச்சயமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது உண்மைதான், ஆனால் அப்போது அதைச் சொல்வது என் பக்க நியாயத்தைப் பேசுவதாகிவிடும். பவளம் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்த ஈரல என்ன செஞ்சீங்க?"

"இன்னொருத்தருக்கு வெக்கிறாங்க."

"அவுகளுக்கும் அக்கா தங்கச்சி இருக்கும்," என்றார். அது கோபமா, ஆறுதலா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

செல்வராஜ் அந்த வாரம் முடிவதற்குள் இறந்தார். அதற்கு முன், நினைவு தெளிவாக இருந்த ஒரு மதியத்தில் நான் கட்டிலருகே நின்றபோது, "பாய் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரா? மழையில சர்வீஸ் ரோட்ல நிப்பாட்டாதீங்கன்னு சொல்லுங்க" என்றார். தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வில்பட்டியில் அடக்கம் நடந்தது. நான் போனேன். கேரட் வயல்களுக்கு நடுவே இருந்த மண்சாலையில் ஆட்கள் குடையோடு நின்றார்கள். அவருடைய மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் நாற்காலி எடுத்துப் போட்டார். பவளம் என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை.

மற்றவர் பிழைத்துக்கொண்டார். இன்றும் நன்றாக இருக்கிறார். பொங்கலன்று எனக்குப் போன் செய்து குடும்பத்தில் ஒவ்வொருவரையும் பேச வைக்கிறார். அவருடைய சந்தோஷத்தில் ஒரு துளியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் போனை வைத்ததும் அந்த நாள் முழுக்க எனக்கு எதுவும் ஓடாது. இரண்டு முறையும் சரியான முடிவுதான் எடுத்தோம். எந்தக் கூட்டத்தில் வைத்து விவாதித்தாலும் அதையே சொல்வார்கள், விவாதித்தோம், சொன்னார்கள். சரியான முடிவுக்குப் பின்னால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று நானும் உங்கள் வயதில் நம்பியிருந்தேன். அப்படி ஒரு விதி இல்லை. இந்த வேலையில் நீங்கள் தவறே செய்யாமல் ஒரு வீட்டை அழிய விட்டுவிட்டு வர நேரும்.

ஓய்வு பெற்றபின் நான் கொடைக்கானலிலேயே தங்கிவிட்டேன். வாரத்தில் சில காலைகள் அதே சின்ன மருத்துவமனையில் உட்காருகிறேன். போன குளிர்காலத்தில், பனி விலகாத ஒரு காலையில், பவளம் உள்ளே வந்தார். மரத்தடியில் நிற்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடி நரைத்திருந்தது. இன்னும் அதே பள்ளிச் சமையற்கட்டுதான். தம்பி மனைவியும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தார். மகள் திண்டுக்கல்லில் தங்கி நர்சிங் படிப்பதாகச் சொன்னார். சாம்பார் அண்டாவைத் தூக்கும்போது வயிற்றில் தழும்புக்குப் பக்கத்தில் புடைத்துக்கொண்டு வலிக்கிறதாம்.

படுக்க வைத்துப் பார்த்தேன். தையல் போட்ட இடத்தில் தசை விலகி இடைவெளி விழுந்திருந்தது. இருமச் சொன்னேன். என் உள்ளங்கைக்கு அடியில் குடல் வந்து முட்டியது. நான் போட்ட தையல். கல்லீரலில் எதையும் எடுக்காமல் மூடுவதற்காகப் போட்ட தையல். இதைச் சரிசெய்துவிடலாம், சின்ன அறுவைதான், மதுரையில் கதிரிடம் சொல்கிறேன் என்றேன்.

"கனமாத் தூக்காதீங்க. தெனமும் ஒரு பெல்ட் போட்டுக்கங்க."

அவர் படுத்தபடியே கூரையைப் பார்த்தார்.

"உள்ள என் ஈரல் எப்பிடி இருக்கு டாக்டரம்மா?"

அதற்கும் சேர்த்து ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தேன். திரையை அவர் பக்கமாகத் திருப்பினேன். அந்தச் சிரை வலது பக்கத்துக்குள் போய், வளைந்து, திரும்பி இடது பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. தடையில்லாமல், நல்ல வேகத்தில்.

"நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

"முழுசா இருக்கா?"

"முழுசா இருக்கு."

"எதுக்கு?" என்றார்.

குரலில் குத்தல் இல்லை. என்னைக் குற்றம் சாட்டவும் இல்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். நான் வயிற்றில் தடவியிருந்த பசையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க எதுவும் மிச்சமில்லாதபோதும் துடைத்தேன்.

அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"வாரேங்க. மத்தியானச் சோறு இன்னும் வடிக்கல, சோலி கெடக்கு."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே வரிசையில் இருந்த அடுத்த நோயாளியின் பெயரைச் செவிலியர் கூப்பிட்டார்.